ஒருவர் கையில் இரண்டு சாவிகள்: பேரிங்ஸ் வங்கி வீழ்ந்த வரலாறு

அரசாங்கத் திணைக்களமொன்றில் புதிதாகக் கடமையேற்கும் எழுதுவினைஞர் ஒருவருக்கு முதல் வாரத்திலேயே கையளிக்கப்படும் தாள்களுள் 'கடமைப் பட்டியல்' என்பதும் ஒன்று. பெரும்பாலானோர் அதனை ஒருமுறை வாசித்துக் கையொப்பமிட்டுவிட்டு மேசை இழுப்பறைக்குள் வைத்துவிடுவர். இடமாற்றம் வரும்போதோ, மேலதிகாரியுடன் முரண்பாடு ஏற்படும்போதோதான் அந்தத் தாள் மீண்டும் வெளியே வரும். ஆனால் அந்த ஒற்றைத் தாள் மூன்று செய்திகளைச் சொல்கின்றது. இவர் செய்யவேண்டிய பணி எது என்பது முதலாவது. இவர் யாருக்குப் பதில் சொல்லவேண்டியவர் என்பது இரண்டாவது. இவர் கை வைக்கக்கூடாத பணி எது என்பது மூன்றாவது. மூன்றாவது செய்தி பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. பட்டியலில் இல்லாமையால் உணர்த்தப்படுவது. ஒரு நிறுவனத்தைக் காப்பாற்றுவது பெரும்பாலும் அந்த மூன்றாவது செய்திதான்.

இது புதிய ஞானமன்று. பழைய கச்சேரிகளில் பணத்தை எண்ணி வாங்கும் சிறாப்பர் ஒருவராகவும், பேரேட்டை எழுதுபவர் இன்னொருவராகவும் இருந்தனர். வங்கிகளின் பாதுகாப்பு அறை இரண்டு சாவிகளால் திறக்கப்படுவது. அவை இரண்டும் ஒருவரிடம் இருப்பதில்லை. அச்செழுத்துக் கோத்த காலத்துப் பத்திரிகைக் காரியாலயங்களில் எழுதியவரே தன்னுடைய பக்கத்துக்கு ஒப்புநோக்காளராக இருந்ததில்லை. தன் பிழை தன் கண்ணுக்குத் தெரியாது என்பது ஒரு காரணம். தெரிந்தாலும் மறைக்கத் தோன்றும் என்பது மற்றொரு காரணம். இரண்டாவது காரணத்தை எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆயினும் அந்த ஏற்பாட்டை வகுத்தவர்கள் அதனை நன்கு அறிந்திருந்தனர்.

இந்த எளிய விதி மீறப்பட்டால் என்ன நடக்கும் என்பதற்குப் பெரியதோர் உதாரணம் 1995ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் உலகின் கண்முன்னே நிகழ்ந்தது. இலண்டனின் மிகப் பழைய வணிக வங்கியான பேரிங்ஸ் ஒரு வார இறுதியில் இல்லாமற் போயிற்று. இருபத்தெட்டு வயது இளைஞன் ஒருவன் வங்கியைக் கவிழ்த்தான் என்றே அன்றைய செய்தித் தலைப்புகள் கூறின. அந்த இளைஞனின் குற்றம் உண்மையானது. அதற்காக அவர் சிறையும் சென்றார். ஆனால் அந்தக் குற்றத்துக்கு வழிவிட்டது கடமைகளைப் பிரிக்கத் தவறிய ஓர் அலுவலக ஏற்பாடு என்பதைப் பின்னர் வெளியான விசாரணை அறிக்கைகள் தெளிவாகக் காட்டின.

வங்கியின் பெருமை

ஜோன் பேரிங், பிரான்சிஸ் பேரிங் என்னும் சகோதரர்கள் 1762ஆம் ஆண்டு இலண்டனில் தொடங்கிய வணிக இல்லமே பின்னர் பேரிங்ஸ் வங்கியாக வளர்ந்தது. 1803இல் பிரான்சிடமிருந்து லூசியானாப் பெருநிலத்தை ஐக்கிய அமெரிக்கா 15 மில்லியன் டொலருக்கு வாங்கியபோது, அந்தக் கொள்வனவுக்கான நிதியை அம்ஸ்ரர்டாமைச் சேர்ந்த ஹோப் நிறுவனத்துடன் இணைந்து ஏற்பாடு செய்தது இவ்வங்கியே. 1890இல் ஆர்ஜென்ரீனாவுக்குக் கொடுத்த கடன்களால் அது ஒருமுறை வீழும் நிலைக்கு வந்தது. அப்போது இங்கிலாந்து வங்கியின் ஆளுநர் வில்லியம் லிடர்டேல் ஏனைய வங்கிகளைத் திரட்டி உத்தரவாத நிதியொன்றை அமைத்து அதனைத் தூக்கி நிறுத்தினார். இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் அதன் வாடிக்கையாளர் வரிசையில் இங்கிலாந்து மகாராணியாரும் இருந்தார்.

இத்தகைய பழம்பெருமை மிக்க நிறுவனங்களுக்கு ஒரு பலவீனம் உண்டு. எழுதிய விதியைவிட மனிதரின் குலத்தையும் நட்பையும் நம்பியே அவை நெடுங்காலம் நடந்துவந்திருக்கும். எல்லோரும் எல்லோரையும் அறிந்த சிறிய வட்டத்தில் அந்த நம்பிக்கை ஓரளவு போதுமானதாகவும் இருக்கும். ஆனால் 1980களில் பேரிங்ஸ் கிழக்காசியப் பங்குச் சந்தைகளில் இறங்கியது. புதிய தொழில், புதிய ஊர், புதிய மனிதர்கள். பழைய வட்டத்தின் நம்பிக்கை மட்டும் அப்படியே கடல் கடந்து சென்றது. அதற்கு ஈடான கண்காணிப்பு கூடவே செல்லவில்லை.

சிங்கப்பூருக்கு வந்தவர்

நிக் லீசன் 1967இல் இலண்டனுக்கு அருகேயுள்ள வற்ஃபோர்ட்டில், சுவருக்குச் சாந்து பூசும் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தவர். பல்கலைக்கழகம் சென்றவரல்லர். 1989இல் பேரிங்ஸில் சேர்ந்தார். அவருடைய பணி தீர்ப்பனவுப் பிரிவில். சந்தையில் ஒருவர் வாங்கியதையும் விற்றதையும் பின்னர் ஒப்பிட்டுச் சரிபார்த்துப் பணத்தையும் பத்திரத்தையும் உரியவரிடம் சேர்ப்பிக்கும் பணி அது. அதில் அவர் திறமைசாலி. ஜகார்த்தாவில் ஒழுங்கின்றிக் குவிந்துகிடந்த பங்குப் பத்திரங்களைச் சீர்செய்து நற்பெயர் பெற்றார்.

1992இல் சிங்கப்பூரில் பேரிங்ஸ் தனது எதிர்கால ஒப்பந்த வணிகத்துக்கான துணைக் கம்பனியைச் 'சிமெக்ஸ்' என்னும் பரிவர்த்தனைச் சந்தையில் இயங்கச் செய்தபோது, லீசன் அங்கு அனுப்பப்பட்டார். தீர்ப்பனவுப் பிரிவை அமைத்து நடத்துவது அவருக்கு இடப்பட்ட பணி. சந்தைத் தளத்தில் வர்த்தகர்களை மேற்பார்வை செய்வதும் அவரிடமே ஒப்படைக்கப்பட்டது. விரைவில் அவர் தாமும் வர்த்தகத்தில் இறங்கினார். ஆக, வாங்கி விற்பவரும் அவரே. வாங்கி விற்றதைச் சரிபார்க்கும் பிரிவின் தலைவரும் அவரே. கச்சேரி மொழியிற் சொன்னால் சிறாப்பரும் பேரேடு எழுதுபவரும் ஒரே ஆள்.

இது எவர் கண்ணிலும் படாமல் நடந்ததன்று. 1992 மார்ச் மாதத்திலேயே, லீசன் அங்கு வேலையைத் தொடங்குமுன்னரே, சிங்கப்பூரின் பிராந்தியத் தலைவரான ஜேம்ஸ் பக்ஸ் இலண்டனுக்குக் கடிதமொன்று எழுதினார். சிங்கப்பூர்த் தீர்ப்பனவுப் பணி யாருடைய மேற்பார்வைக்கு உட்பட்டது என்ற தெளிவின்மை பேரழிவில் முடியக்கூடும் என்றும், வங்கி பணத்தையோ வாடிக்கையாளரின் நல்லெண்ணத்தையோ இழக்க நேரிடும் என்றும் அதில் எச்சரித்தார். எச்சரிக்கை வாசிக்கப்பட்டது. ஏற்பாடு மாறவில்லை.

அவ்வேளையில் அலுவலகம் சிறியது. ஒருவரே இரண்டு வேலையையும் பார்த்தால் சம்பளம் மிச்சம். சிறிய அலுவலகங்கள் எல்லாவற்றிலும் சொல்லப்படும் நியாயம் இது. அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால் அலுவலகம் வளர்ந்தது; தொகைகள் மில்லியன்களாயின. கடமைகள் மட்டும் முதல் நாளில் வகுத்தபடியே இருந்தன. தொழில் பருக்கும்போது கடமைப் பட்டியலையும் திருப்பிப் பார்க்கவேண்டும் என்ற நினைவு எவருக்கும் எழவில்லை.

ஐந்து எட்டுகள்

1992 ஜூலை 3ஆம் திகதி லீசன் ஒரு கணக்கைத் திறந்தார். அதன் இலக்கம் 88888. சந்தைத் தளத்தின் கூச்சலிலும் கைச்சைகையிலும் நேரும் சில்லறைத் தவறுகளை இட்டுவைப்பதற்கு இத்தகைய வழுக் கணக்குகள் எல்லாக் கம்பனிகளிலும் உண்டு. அதில் தவறேதும் இல்லை. ஆனால் சில நாட்களுள், அந்தக் கணக்கின் விபரங்கள் இலண்டனுக்கு நாள்தோறும் செல்லும் அறிக்கைகளில் இடம்பெறாதவாறு கணினி நிரலில் மாற்றம் செய்விக்கப்பட்டது. அவ்வாறு செய்விக்க அவருக்கு அதிகாரம் இருந்தது. தீர்ப்பனவுப் பிரிவு அவர் கையில் இருந்தமையால், 'ஏன்' என்று கேட்கவேண்டிய கதிரையில் அமர்ந்திருந்தவரும் அவராகவே இருந்தார்.

தமக்குக் கீழ்ப் பணிபுரிந்தவர்களின் தவறுகளை மறைப்பதற்காகவே அதனை முதலிற் பயன்படுத்தியதாக அவர் பின்னாளில் எழுதினார். பிறகு தமது சொந்த நட்டங்கள் அதனுட் சென்றன. 1992 முடிவில் அக்கணக்கில் இருந்த நட்டம் ஏறத்தாழ 2 மில்லியன் பவுண். 1993 முடிவில் 23 மில்லியன். 1994 முடிவில் 208 மில்லியன். அதே ஆண்டில் இலண்டனுக்குக் காட்டப்பட்ட அவரது இலாபமோ 28.5 மில்லியன் பவுண். அதற்காக அவருக்கு 450,000 பவுண் வெகுமதி வழங்குவதற்கும் முன்மொழியப்பட்டிருந்தது.

அந்த இலாபம் எவ்வாறு வருவதாக இலண்டன் நம்பியது? யப்பானின் நிக்கேய் 225 சுட்டெண் மீதான எதிர்கால ஒப்பந்தங்கள் ஒசாகாவிலும் சிங்கப்பூரிலும் விற்கப்பட்டன. இரண்டு சந்தைகளுக்கும் இடையே ஒரு கணம் விலை வேறுபட்டால், மலிந்த இடத்தில் வாங்கி, உயர்ந்த இடத்தில் விற்று, அந்தச் சிறு வித்தியாசத்தை எடுப்பதே அனுமதிக்கப்பட்ட வணிகம். ஒரு கையால் வாங்கி மறு கையால் விற்பதால் அதில் ஆபத்து மிகக் குறைவு. ஆகவே இலாபமும் குறைவாகவே இருக்கவேண்டும். ஆபத்தே இல்லாத தொழிலில் இவ்வளவு பெரும் இலாபம் எங்கிருந்து வருகின்றது என்று பொறுப்பான எவரும் ஆழ்ந்து கேட்கவில்லை. இலாபம் காட்டுபவரிடம் கேள்வி கேட்பது எந்த அலுவலகத்திலும் எளிதன்று. அந்த வேலைக்கென்றே ஒருவர் நியமிக்கப்பட்டு, அவருடைய கடமைப் பட்டியலில் அது எழுதப்பட்டிருந்தாலன்றி எவரும் வலிந்து கேட்கமாட்டார்.

கணக்காய்வு கண்டது

1994 நடுப்பகுதியில் வங்கியின் உள்ளகக் கணக்காய்வுப் பிரிவு சிங்கப்பூர் அலுவலகத்தை ஆராய்ந்தது. அதன் அறிக்கை இந்த வரலாற்றின் மிகத் துயரமான ஆவணம் என்று கூறலாம். நோயை அது சரியாகவே கண்டறிந்தது. வர்த்தகமும் தீர்ப்பனவும் ஒரே முகாமையாளரின் கையில் இருப்பதால், கட்டுப்பாடுகள் அவராலேயே மீறப்படும் ஆபத்து உண்டு என்று அது கூறியது. தீர்ப்பனவுப் பிரிவின் மேற்பார்வை, காசோலையில் ஒப்பமிடுதல், வங்கிக் கணக்கு இணக்கக் கூற்றுகளையும் சிமெக்ஸ் கணக்குகளின் இணக்கத்தையும் உறுதிப்படுத்துதல் ஆகியவற்றிலிருந்து லீசன் விலக்கப்படவேண்டும் என்றும் பரிந்துரைத்தது. ஆனால் 88888 அக்கணக்காய்வில் வெளிப்படவில்லை.

பரிந்துரையை முகாமைத்துவம் ஏற்றுக்கொண்டது. 1995 பெப்ரவரியில் வங்கி வீழ்ந்தபோதும் அது நடைமுறைக்கு வந்திருக்கவில்லை. ஏட்டில் எழுதுவது ஒன்று. நாளை காலை முதல் இந்தப் பேரேட்டை இன்னார் தொடக்கூடாது என்று சாவியை வாங்கி வேறொருவரிடம் கொடுப்பது இன்னொன்று. முதலாவது நடந்தது, இரண்டாவது நடக்கவில்லை.

இன்னுமொரு குறை அதனிலும் பெரிது. லீசன் யாருக்குப் பதில் சொல்லவேண்டியவர் என்பதே தெளிவாக இருக்கவில்லை. வணிகத்தைப் பொறுத்தவரை இலண்டனிலுள்ள பிரிவுத் தலைவருக்கும், அலுவலக நிர்வாகத்தைப் பொறுத்தவரை சிங்கப்பூரிலுள்ளவர்களுக்கும் அவர் பொறுப்புடையவர் என்பது ஏற்பாடு. பிற்கால விசாரணைகளின்போது சிங்கப்பூரிலிருந்தவர்கள் இலண்டனைச் சுட்டினர். இலண்டனிலிருந்தவர்கள் சிங்கப்பூரைச் சுட்டினர். 1992இல் அபாயமணி அடித்த பக்ஸும் அந்த வரிசையில் நின்றார். இரண்டு எசமானர்களைக் கொண்ட ஊழியன் சிலவேளைகளில் எசமானனே இல்லாதவனாகிவிடுகின்றான்.

இறுதி வாரங்கள்

1995 ஜனவரி 11ஆம் திகதி சிமெக்ஸ் நிர்வாகமே 88888 என்ற இலக்கத்தைக் குறிப்பிட்டுச் சிங்கப்பூர் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதியது. அக்கணக்குக்குரிய பிணை வைப்புத் தொகை பற்றி விளக்கம் கோரிய கடிதம் அது. அதற்கான பதிலை வரையும் வேலை யாரிடம் கொடுக்கப்பட்டது? லீசனிடமே.

அதே மாதம் வெளியகக் கணக்காய்வாளர்கள் 7.78 பில்லியன் யென், அதாவது ஏறத்தாழ 50 மில்லியன் பவுண் பெறுமதியான விடுபாடொன்றைக் கண்டனர். அமெரிக்கக் கம்பனியொன்று அந்தத் தொகையைத் தரவேண்டியிருக்கின்றது என்று லீசன் விளக்கமளித்தார். ஆதாரமாக அவர் கொடுத்த கடிதங்கள் போலியானவை; கத்தரித்து ஒட்டித் தொலைநகலில் அனுப்பப்பட்டவை. அவற்றின் தலைப்பில், அது அவருடைய வீட்டிலிருந்து வந்தது என்பதைக் காட்டும் வகையில் அவருடைய பெயரும் மனைவியின் பெயரும் அச்சாகியிருந்தன. அதையும் எவரும் கவனிக்கவில்லை.

ஜனவரி 17ஆம் திகதி அதிகாலை கோபே நகரைப் பூகம்பம் தாக்கியது. நிக்கேய் பெரிதாக அசையாது என்று பந்தயம் கட்டியிருந்தவர் லீசன். 23ஆம் திகதி சுட்டெண் ஒரே நாளில் ஆயிரம் புள்ளிகளுக்கு மேல் சரிந்தது. அதனைத் தனியொருவராகத் தாங்கிப் பிடிக்க முயல்பவர்போல் அவர் மேலும் மேலும் வாங்கினார். பிணை வைப்புக்கான பணத்தை இலண்டன் அனுப்பிக்கொண்டேயிருந்தது. 700 மில்லியன் பவுணுக்கு மேற்பட்ட அந்தப் பணம் எந்த வாடிக்கையாளரின் பெயரில், எந்த ஒப்பந்தத்துக்காகச் செல்கின்றது என்று ஒப்பிட்டுப் பார்ப்பது தன்னுடைய வேலை என்று தலைமையகத்தின் எந்தப் பிரிவும் கருதவில்லை.

பெப்ரவரி 23ஆம் திகதி, மன்னிப்புக் கோரும் சிறு குறிப்பொன்றை வைத்துவிட்டு லீசன் சிங்கப்பூரை நீங்கினார். இங்கிலாந்து வங்கியின் ஆளுநர் எடி ஜோர்ஜ் வார இறுதியில் வங்கியாளர்களை அழைத்துப் பேசினார். 1890இல் நடந்தது இம்முறை நடக்கவில்லை. திறந்து கிடந்த ஒப்பந்தங்களின் நட்டம் எங்கு போய் முடியும் என்று எவராலும் உறுதியளிக்க முடியவில்லை. 26ஆம் திகதி ஞாயிறு இரவு பேரிங்ஸ் நிர்வாகிகளின் பொறுப்பில் விடப்பட்டது. மொத்த நட்டம் 827 மில்லியன் பவுண். மார்ச் மாதத்தில் நெதர்லாந்தின் ஐ.என்.ஜி. நிறுவனம், கடன் பொறுப்புகளை ஏற்று, அவ்வங்கியை ஒரு பவுணுக்கு வாங்கியது. லீசன் பிராங்பேர்ட்டில் கைதாகி, டிசம்பரில் சிங்கப்பூர் நீதிமன்றத்தால் ஆறரை ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டார், 1999இல் விடுதலையானார்.

இழந்தவர்கள் யார்? வங்கியின் கடன் பத்திரங்களை வாங்கியிருந்தோர் தம் பணத்தின் பெரும்பகுதியை இழந்தனர். வங்கியின் பங்குகளை உடைமையாகக் கொண்டு, அதன் வருமானத்தால் தொண்டு நிறுவனங்களுக்கு உதவிவந்த பேரிங் அறநிலையம் தன் பிரதான வருவாயை இழந்தது. சிங்கப்பூர்த் தீர்ப்பனவுப் பிரிவில் இருந்த இளம் எழுதுவினைஞர்களின் நிலையையும் இங்கு நினைக்கவேண்டும். முகாமையாளர் சொன்னபடி அவர்கள் பொய்ப் பதிவுகளை இட்டனர். மறுத்து நிற்பதற்கு அவர்களிடம் ஒரு தாள்கூட இருக்கவில்லை. 'ஐயா, இது என் கடமைக்குப் புறம்பானது. இன்னாருடைய ஒப்பம் வேண்டும்' என்று சொல்லக்கூடிய நிலையைக் கீழ்நிலை ஊழியருக்குக் கொடுப்பதும் ஒழுங்கான கடமைப் பட்டியல்தான். அதனை ஊழியரைக் கட்டும் கயிறாக மட்டும் பார்ப்பவர்கள் இந்தப் பக்கத்தைக் காண்பதில்லை.

நீதிமன்றம் வகுத்த விதி

இங்கிலாந்து வங்கியின் மேற்பார்வைச் சபை 1995 ஜூலையிலும், சிங்கப்பூர் அரசாங்கம் நியமித்த பரிசோதகர்கள் அதே ஆண்டு ஒக்டோபரிலும் தமது அறிக்கைகளை வெளியிட்டனர். முடிவுகளில் அவை சில இடங்களில் மாறுபட்டன. சிங்கப்பூர் அறிக்கை மேலதிகாரிகள் மீது கூடுதலான கடுமை காட்டியது. ஆனால் வர்த்தகத்தையும் தீர்ப்பனவையும் பிரிக்காமை அடிப்படைத் தவறு என்பதில் இரண்டும் ஒன்றுபட்டன.

அடுத்து வந்தது சட்டம். பேரிங்ஸின் மேலதிகாரிகள் பலர் கம்பனிப் பணிப்பாளர் பதவி வகிப்பதற்குத் தகுதியற்றவர்கள் என்று இங்கிலாந்தில் அறிவிக்கப்பட்டனர். 1998இல் நீதியரசர் ஜொனதன் பார்க்கர் வழங்கிய தீர்ப்பு இன்றும் கம்பனிச் சட்டம் கற்போர் படிக்கும் தீர்ப்பாகும். பணிப்பாளர்கள் தமது பணிகளைப் பிறரிடம் ஒப்படைக்கலாம். ஒப்படைத்த பணி ஒழுங்காக நடைபெறுகின்றதா என்று மேற்பார்வை செய்யும் கடமையிலிருந்து அவர்கள் விடுபடமுடியாது என்பது அதன் சாரம். தமக்குக் கீழுள்ளவர் என்ன தொழில் செய்கின்றார் என்பதை விளங்கிக்கொள்ளாமலே அவருக்கு மேலதிகாரியாக இருப்பதும் தகுதியின்மையே என்று அத்தீர்ப்பு உணர்த்தியது. மேலே இருப்பவருக்கும் ஒரு கடமைப் பட்டியல் உண்டு என்பதைச் சட்டத்தின் மொழியில் எழுதிவைத்த தீர்ப்பு அது.

பாடம் கற்கப்பட்டதா? பேரிங்ஸ் வீழ்ந்த அதே 1995ஆம் ஆண்டின் பிற்பகுதியில், யப்பானின் டைவா வங்கியின் நியூயோர்க் கிளையில் தொசிஹிடே இகுச்சி என்பவர் பதினோர் ஆண்டுகளாக மறைத்துவைத்த 1.1 பில்லியன் டொலர் நட்டம் வெளியாயிற்று. அவரும் கடன் பத்திரங்களை வாங்கி விற்றவர். அப்பத்திரங்களைப் பாதுகாக்கும் பிரிவும் அவரிடமே இருந்தது. 2008 ஜனவரியில் பிரான்சின் சொசியேற்ற ஜெனரால் வங்கியில் ஜெரோம் கெர்வியேல் என்பவரால் விளைந்த நட்டம் 4.9 பில்லியன் யூரோ. அங்கு கடமைகள் முறைப்படி பிரிக்கப்பட்டிருந்தன. ஆனால் அவர் முன்னர் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலைசெய்து, அதன் வழிமுறைகளை அறிந்துகொண்டு வர்த்தகத்துக்கு வந்தவர். விடுப்பு எடுப்பதையும் அவர் இயன்றவரை தவிர்த்துவந்தார். ஊழியர் ஆண்டுதோறும் தொடர்ச்சியாகச் சில நாட்கள் விடுப்பில் நிற்கவேண்டும் என்று பல வங்கிகள் கட்டாயப்படுத்துவதன் காரணம் இங்கு விளங்கும். அவருடைய கதிரையில் இன்னொருவர் அமரும் அந்தச் சில நாட்களில்தான் மறைத்தவை வெளியே வரும்.

ஆகவே கடமைகளைத் தாளில் பிரித்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று கொள்வதற்கில்லை. ஆட்கள் இடம் மாறுவர், தொழில் வளரும், கணினியின் கடவுச்சொற்கள் கைமாறும். முன்னைய பதவிக்குரிய அனுமதிகள் புதிய பதவியிலும் ஒட்டிக்கொண்டேயிருக்கும். அவற்றையெல்லாம் காலத்துக்குக் காலம் எடுத்துப் பார்த்து, தாளில் உள்ளபடிதான் அலுவலகம் நடக்கின்றதா என்று ஒப்பிடுவதும் யாரோ ஒருவருடைய பெயருக்கு நேரே எழுதப்பட்டிருக்கவேண்டும்.

கூட்டுறவுச் சங்கம், கோயில் பரிபாலன சபை, பாடசாலை அபிவிருத்திச் சங்கம் என்று நம்மிடையேயும் சிறிய நிறுவனங்கள் ஆயிரம் உண்டு. அவற்றிற் பலவற்றில் பற்றுச்சீட்டு எழுதுபவரும், பணம் வாங்குபவரும், வங்கியில் வைப்பிடுபவரும், கணக்கைச் சபையில் வாசிப்பவரும் ஒருவரே. 'அவர் நல்ல மனிதர்' என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். அவர் நல்ல மனிதராகவே இருக்கலாம். அவர் நல்லவர் என்பதை நாளைக்கு ஐயத்துக்கிடமின்றி நிறுவுவதற்கேனும் இன்னொருவரின் ஒப்பம் அவருக்குத் தேவை. இரண்டாவது சாவியை வேறொருவரிடம் கொடுத்து வைப்பதால் முதற் சாவியை வைத்திருப்பவருக்கு அவமானம் எதுவும் நேர்ந்துவிடுவதில்லை.